நோலா திருப்பிக் கொண்டுவரும் வீடுகள்

நோலா பின்ச்பெக் தன் பழைய பிக்கப் வண்டியின் முதுகில் குறுக்காக ஒரு நீளக் கம்பைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் ஊர்ந்து போகிறார். கம்பின் இரண்டு முனைகளும் வண்டிக்கு வெளியே ஓர் ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கின்றன. முனைகளில் சிவப்புத் துணி. பின்னால் நாலு கார்கள் வரிசையாக நிற்கின்றன. யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ஹெண்டர்சன் வீட்டுத் தபால் பெட்டியில் கம்பு டங்கென்று இடிக்கிறது. நோலா வண்டியை நிறுத்தி இறங்குகிறார். தபால் பெட்டியை ஒரு பார்வை, கம்பை ஒரு பார்வை. பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ராசா, உன் பெட்டி ரெண்டு நாளைக்கு லீவுல போகட்டும். நானே பிடுங்கி நானே நட்டுத் தர்றேன்" என்கிறார்.

அந்தக் கம்பின் நீளம், லாரியில் வரப்போகும் பாதி வீட்டின் அகலம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பு. "கம்பு போனா வீடு போகும். கம்பு இடிச்சா வீடு இடிக்கும். இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" என்பது நோலாவின் பொறியியல். தொழில்: வீடு பெயர்ப்பது. முழு மர வீட்டை நெம்பித் தூக்கி, நடுவில் அறுத்து, பாதி பாதியாக லாரியில் ஏற்றி, வேறோர் இடத்தில் இறக்கி, மறுபடி ஒட்டவைத்துக் கொடுப்பது.

ஐந்தடி உயரம். வயது ஐம்பத்தெட்டு. இடது காது கேட்காது. காகித ஆலையின் இரைச்சல் தின்றுவிட்டது. அதனால் ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும். மதியச் சாப்பாடு எப்போதும் மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு 'பை', அதை வண்டியின் பானெட் மேல் வைத்து, தக்காளி சாஸை ஊற்றி, நின்றபடியே. சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டு கிடக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைத் தரையில் வைத்து, எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்ப்பார். துக்க வீட்டில்கூடச் செய்திருக்கிறார். என் பள்ளிக்கூடத்தில் வைத்தபோது, குண்டு நூலகத்திலிருந்து கிளம்பிக் கழிப்பறை வரை நிற்காமல் போயிற்று. "வாத்தியாரே, உன் பள்ளிக்கூடம் ஆத்துக்குள்ள இறங்கப் பாக்குது" என்றார். நான் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை தானே வந்து தரைக்கு அடியில் ஒன்பது கட்டைகளை மாற்றிவிட்டுப் போனார்.

நான் டூரம்பின் என்னும் இந்த ஊருக்கு ஒரு வருடம் மட்டும் வேலை பார்ப்பதாக வந்தேன். பதினேழு வருடம் ஆகிவிட்டது. வந்த புதிதில் இங்கே காகித ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மரம் ஏற்றிய லாரிகள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஆற்றுப் பாலத்தைத் தாண்டும். ஆலை வாசலில் எடைமேடை. அதன் பக்கத்துக் கண்ணாடி அறையில் நோலா இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். லாரி எடைமேடையில் ஏறுவதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவார் என்பார்கள். பதினொரு வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை ஆலையை மூடினார்கள். உருளைக்கிழங்கு வறுவல்கூட விற்காத ஊராகிவிட்டது ஆறே மாதத்தில்.

வேலை போனவர்கள் மெல்போர்னுக்குப் போனார்கள். அங்கே வேலை இருந்தது, ஏனென்றால் அங்கே வீடு கட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த நகரத்தில் ஒவ்வொரு வாரமும் எங்கள் ஊரைப் போல இரண்டு ஊர் ஜனம் புதிதாகச் சேர்கிறது. மாநிலம் நன்றாக வளர்கிறது என்று தொலைக்காட்சியில் மந்திரிகள் சொல்லும்போது, அது பொய்யில்லை என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள்தான் அங்கே ஓடு போடுகிறார்கள்.

போனவர்கள் விட்டுப்போன வீடுகளை யாரும் இங்கே வாங்கவில்லை. ஆனால் கடற்கரையில் மனை வைத்திருந்த நகரத்துக்காரர்கள், விடுமுறை வீடாக வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். நோலாவின் கொழுந்தன் வார்விக்கிடம் லாரி இருந்தது. மரம் ஏற்றிய லாரி, இப்போது சும்மா நின்றது. இரண்டு பேரும் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் முப்பத்தொரு வீடுகளை இந்த ஊரிலிருந்து ஏற்றி அனுப்பினார்கள். வீடு போன மனைகளில் சிமெண்ட் படிகள் மட்டும் மிஞ்சின. மூன்று படி ஏறினால் புல். பல மனைகளில் தோட்டத்துக் குழாய் இன்னும் நிற்கிறது.

இதை நோலா மறைப்பதில்லை. "ஆலைய மூடுனது எவனோ. ஆனா ஊர அறுத்து ஏத்தி அனுப்புனது நான். எங்கையால" என்பார். சொல்லும்போது கையை விரித்துக் காட்டுவார். அதில் அழுகை எதுவும் இருக்காது. இன்னும் முடியாத வேலையைப் பற்றிப் பேசுகிறவர் குரல் அது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஊரில் மிச்சமிருந்தவர்கள் எல்லாருக்கும் வயதாகிவிட்டதால், முதியோர் இல்லத்தைப் பெரிதாக்கினார்கள். பதினெட்டு பேருக்கு வேலை. ஆலைக்குப் பிறகு இந்த ஊரில் முளைத்த ஒரே வேலை அதுதான். ஆட்களும் வந்தார்கள். வந்து பார்த்தால், ஆளே இல்லாத ஊரில் குடியிருக்க வீடு இல்லை! இருந்த நல்ல வீடெல்லாம் கடற்கரையில் நீல வண்ணம் பூசிக்கொண்டு நின்றன. வந்தவர்கள் ஒரு மாதம், இரண்டு மாதம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அப்போதுதான் நோலா லாரியைத் திருப்பினார். மெல்போர்னில் அடுக்குமாடி கட்டுவதற்காக நல்ல மர வீடுகளை இடித்து நொறுக்குகிறார்கள். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கும்பிடுகிறார்கள். அவற்றை அறுத்து, ஏற்றி, இங்கே கொண்டுவந்து பழைய மனைகளில் இறக்கத் தொடங்கினார். போன கோடைக்குள் ஒன்பது வீடு வந்து சேர்ந்தது. "முப்பத்தொண்ணு போச்சு. முப்பத்தொண்ணு வரணும்" என்றார் என்னிடம். நான், "நோலா, அதற்குள் உங்களுக்கு எண்பது வயசு ஆகிடும்" என்றேன். "ஆகட்டுமே. சும்மா இருந்தா மட்டும் ஆகாதா?"

பத்தாவது வீட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அது மேரிபெல் டுமாகுவானுக்கு வரவேண்டிய வீடு.

மேரிபெல் பிலிப்பைன்ஸ்காரர், முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான்கு குழந்தைகள். கணவர் மெல்போர்னின் விளிம்பில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். மனைவி இங்கே நிலைகொண்டதும் வந்து சேருவதாகத் திட்டம். ஏழு வாரமாக மேரிபெல் பிள்ளைகளோடு ஊருக்கு வெளியே கேரவன்கள், அதாவது சக்கரம் வைத்த வீட்டு வண்டிகள், நிற்கும் பூங்காவில், ஒரே வண்டிக்குள் இருந்தார். வாடகைக்குச் சொன்ன இரண்டு வீடுகள் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிருந்தன. மூன்றாவதாக நோலா வாக்குக் கொடுத்தார். மேரிபெல் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"வெள்ளிக்கிழமைக்கு முன்ன வீடு முழுசா மனையில நிக்கிறத என் கண்ணால பாக்கணும்க்கா. குடிபோறது மெதுவா இருக்கட்டும், பரவால்ல. நிக்கலன்னா, வெள்ளிக்கிழமை காலைல பசங்க டி.சி.ய வாங்கிட்டு மெல்போர்ன் கிளம்பிருவேன். அங்க ஒரு ஆஸ்பத்திரில கூப்பிட்டுட்டாங்க."

அந்த வெள்ளிக்கிழமையைக் கேட்டதும் நான் நாட்காட்டியைப் புரட்டினேன். பிப்ரவரிக் கடைசியில் வரும் அந்த நாளில்தான் எங்கள் பள்ளியில் தலை எண்ணுவார்கள். மொத்தம் இருபத்தேழு பிள்ளைகள். இருபத்தாறுக்குக் கீழே போனால் இரண்டாவது ஆசிரியர் கிடையாது. மேரிபெல்லின் நான்கு பேர் போனால் இருபத்துமூன்று. அந்த இரண்டாவது ஆசிரியர் பென்னி மூட்டை கட்ட வேண்டும், ஏழு வகுப்புக்கும் நான் ஒருவன். ஓராசிரியர் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க எந்தப் பெற்றோரும் விரும்புவதில்லை. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ கதவைச் சாத்திவிடலாம்.

நோலாவிடம் இதைச் சொன்னேன். "தெரியும்" என்றார். "அதான் புதன்கிழமை பாதி, வியாழக்கிழமை பாதி. வெள்ளிக்கிழமை உனக்கு."

மெல்போர்னின் ப்ரெஸ்டன் பகுதியில் பதினெட்டு அடுக்குமாடி வீடுகளுக்காக இடம் விட்ட ஒரு மர வீடு அது. நீளவாக்கில் அறுத்திருந்தார்கள். முன்பாதியில் வராந்தாவும் படுக்கை அறைகளும். பின்பாதியில் சமையலறையும் குளியலறையும். புதன்கிழமை காலை முன்பாதி பாலத்தைத் தாண்டி வந்தது. ஸ்டேஷன் தெரு மனையில் லாரி கிழக்கு முனையில் நுழைந்து தெருவை ஒட்டியபடி நின்றது. வராந்தா தெருவைப் பார்த்துக்கொண்டு சரியாக உட்கார்ந்தது. கம்பு சொன்னபடியே எல்லாம் நடந்தது.

அன்று மதியம் பாலத்தைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். அடித்தூணில் ஏதோ விரிசலாம். மாலைக்குள் பலகை வைத்துவிட்டார்கள்: கனரக வண்டிகள் செல்லக்கூடாது. ஆலை ஓடிய காலத்தில் இந்தப் பாலத்தில் ஓர் ஆணி அசைந்தாலும் அடுத்த நாள் பழுது பார்ப்பார்கள். இப்போது பலகைதான் பழுது பார்ப்பது.

வியாழக்கிழமை காலை வார்விக் பின்பாதியோடு அக்கரையில் நின்றார். ஊருக்குள் வர இன்னொரு வழி உண்டு. பதினொரு கிலோமீட்டர் சுற்றி, ஆலைச் சாலை வழியாக, மேற்கிலிருந்து. வார்விக் அப்படியே வந்தார். நான் பிள்ளைகளைப் பென்னியிடம் விட்டுவிட்டு ஓடியபோது, அரை வீடு ஆலைச் சாலையில் நின்றது. லாரியின் நிழலில் வார்விக்கும் நோலாவும் நின்று தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இரவு வேலை முடிந்த சீருடையோடு மேரிபெல் கைகளைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"திசை மாறிப்போச்சு" என்றார் வார்விக். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதில் பாதி அதிலேயே தீர்ந்திருக்கும்.

நோலா விளக்கினார். கிழக்கிலிருந்து வருவதற்காக ஏற்றிய பாதி இது. மேற்கிலிருந்து நேராக ஓட்டிப் போய் இறக்கினால், அறுத்த பக்கம் மனையின் பின்புறத்தைப் பார்க்கும், சமையலறையின் வெளிச்சுவர் முன்பாதியைப் பார்க்கும். "ஒரு பாதிக்கு இன்னொரு பாதி முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும் வாத்தியாரே. சண்டை போட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி."

"மனையில் வைத்துத் திருப்ப முடியாதா?"

"இது என்ன நாற்காலியா?"

லாரியையே திருப்ப வேண்டும். திருப்பினால் பின்பக்கமாகவே ஓட்டி மனைக்குள் நுழைந்துவிடலாம். ஆனால் இவ்வளவு நீளத்தைத் திருப்ப அந்தச் சாலையில் இடமில்லை. நெடுஞ்சாலையில் திருப்பினால் பதினொரு கிலோமீட்டரும் பின்னாலேயே வர வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நீள லாரி திரும்புவதற்கென்றே செய்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்களுக்கு முன்னால், நூறு அடி தூரத்தில், சங்கிலி போட்ட கேட்டுக்குப் பின்னால், பழைய ஆலையின் மரக்கிடங்கு முற்றம்.

கேட்டில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. ஆலையின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் நகரத்து நிறுவனம். நோலா கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். உள்ளே நுழைய விண்ணப்பம் அனுப்பணுமாம். பத்து வேலை நாளில் பதில் வருமாம்.

"கண்ணு, பாதி வீடு ரோட்டுல நிக்குது. பத்து நாள்ல இதுல குருவி குஞ்சு பொரிச்சிரும்."

"எனக்குப் புரியுதுங்க மேடம். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு."

"வாஸ்தவம்" என்றார் நோலா. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, நல்ல மொழியில ஒரு விண்ணப்பம் அடி. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

என் கைபேசியில் தட்டச்சு செய்தேன். பெயர், காரணம், வண்டியின் நீளம், எவ்வளவு நேரம் தேவை. நோலா ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். 'தயவுசெய்து' என்பதை இரண்டு இடத்தில் சேர்க்கச் சொன்னார். அனுப்பினேன்.

"போயிருச்சா?"

"போய்விட்டது."

"நல்லது" என்று லாரிக்குப் போய், வீடு அறுக்கிற ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் இரும்பு அறுக்கும் தகட்டை மாட்டினார்.

"நோலாக்கா, வேணாம். உங்களுக்குக் கேஸு கீஸு வந்துரப்போவுது" என்றார் மேரிபெல். "நான் மெல்போர்னுக்கே போயிக்கிறேன். அங்க வீடுங்க கொட்டிக் கெடக்கு."

"கெடக்கட்டும். இங்கதான இல்ல?"

நோலா கேட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ரம்பம் ஓடவில்லை. பதினொரு வருடமாக அவர் அந்தக் கேட்டுப் பக்கம் போனதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆலைச் சாலையைத் தவிர்க்கச் சுற்றிப் போகிறவர். உள்ளே அவருடைய கண்ணாடி அறை தெரிந்தது. கண்ணாடி இல்லை. கூரை மேல் காட்டுக்கொடி ஏறியிருந்தது.

"தினமும் காலைல ஆறு மணிக்கு இத நான்தான் தொறப்பேன்" என்றார். வழக்கத்துக்கு மாறாக மெதுவான குரல். "எனக்கே பூட்டா?"

பொறி பறந்தது. சங்கிலி விழுந்தது.

வார்விக் உள்ளே ஓட்டினார். "எடைமேடை மேல ஏறாத! அடியில துருப்பிடிச்சிருக்கும்!" என்று நோலா கத்தினார். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் கைதான் மொழி. விரித்த கை என்றால் வா. மூடினால் நில். சுண்டுவிரல் என்றால் ஓரங்குலம். முற்றத்தில் புல் இடுப்புயரம் இருந்தது. ஆனால் அதற்கடியில் கல் பாவிய தரை அப்படியே கெட்டியாக இருந்தது. மரலாரிகளுக்காகப் போட்ட தரை. ஏழு முறை முன்னும் பின்னும் போய் லாரி திரும்பியது. சமையலறை ஜன்னல் ஒருமுறை ஆலையைப் பார்த்தது, ஒருமுறை மலையைப் பார்த்தது, கடைசியில் ஊரைப் பார்த்து நின்றது.

அங்கிருந்து மனைக்கு அறுநூறு மீட்டர். அத்தனையும் பின்பக்கமாக. நோலா வீட்டைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்தார், இரண்டு கைகளும் தோளுயரத்தில். ஒரு யூகலிப்டஸ் கிளையை வெட்ட வேண்டியிருந்தது. ஒரு மின்கம்பியைக் கழியால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தது நான், என் கை இரண்டு நாள் வலித்தது. வழியில் கேட்டுக்குக் கேட்டு ஜனம் வந்து நின்றது. ஈக்களின் சத்தமும் லாரியின் முனகலும்தான்.

மூன்றரை மணிக்கு இரண்டு பாதியும் முகத்தோடு முகம் பார்த்து நின்றன. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதை இழுத்து மூட இன்னும் ஒரு நாள் ஆகும், ஆனால் பார்த்தவுடன் வீடு என்று தெரிந்தது.

மேரிபெல் ஏணியில் ஏறினார். சமையலறைக்குள் போனார். அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னலைத் தள்ளித் திறந்து தலையை நீட்டினார்.

"குழாய்ல தண்ணி எப்ப வரும்க்கா?"

"ரெண்டு வாரம். அதிகம் போனா மூணு."

"அடுப்ப அந்தப் பக்கம் மாத்திக் குடுப்பீங்களா? இங்க வெயிலடிக்குது."

"மாத்திரலாம் கண்ணு."

டி.சி. பேச்சு அத்தோடு போயிற்று. வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது, அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வார்விக் என்னிடம் இறைச்சி 'பை'யில் ஒரு துண்டை நீட்டினார். மறுநாள் காலை எண்ணியபோது இருபத்தேழு தலைகள். பென்னி இரண்டு முறை எண்ணினார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே நோலா இரும்புக் கடையில் ஒரு புதிய பூட்டு வாங்கி ஆலைக் கேட்டில் போட்டுவிட்டார். "வெட்டுனவதான் பூட்டணும்." இரண்டு சாவிகளையும் ஓர் உறையில் போட்டு, நிறுவனத்தின் முகவரியை எழுதி, அனுப்புவதற்காக வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தார். தபால் நிலையத்துக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. பதினோராவது வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். பாலத்தில் அந்தப் பலகை இன்னும் அப்படியே நின்றது.

இரண்டு வாரம் கழித்து, நானும் அவரும் வார்விக்கும் மேரிபெல் வீட்டு வாசலில் நின்று கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, நோலாவின் கைபேசி அடித்தது. அதே மரியாதைக் குரல்.

"மேடம், உங்க விண்ணப்பத்தைப் பரிசீலிச்சோம். பாதுகாப்புக் காரணங்களுக்காக முற்றத்துல நுழைய அனுமதி தர முடியல. மன்னிக்கணும்."

"அப்படியா கண்ணு?" என்றார் நோலா. "பரவால்ல. சொன்ன நாள்ல சொன்னீங்க பாரு, அதுவே பெரிசு. ரொம்ப நன்றி."

போனைப் பையில் போட்டார். வண்டிக்குப் போய் அந்த உறையை எடுத்துக் கிழித்தார். ஒரு சாவியைத் தன் வீட்டுச் சாவி வளையத்தில் கோத்துக்கொண்டார். இன்னொன்றை வார்விக்கிடம் எறிந்தார்.